599 ரூபாய் ஃபிளாஸ்க் 693 ஆனது எப்படி? ஆன்லைன் ஷாப்பிங்கில் காசு எங்கே மிச்சம், எங்கே நஷ்டம்?

பௌர்ணமி நெருங்கினால் திருவண்ணாமலை வீடுகளில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை இரவில் சுற்றிவர, வெந்நீருக்கு ஒரு ஃபிளாஸ்க் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தேரடி வீதிக்குப் போனால் கடையில் 660 ரூபாய் சொல்கிறார்கள். மொபைலில் தேடினால் அதே அளவு ஃபிளாஸ்க் 599 ரூபாய். "61 ரூபாய் மிச்சம்!" என்று பட்டனை அழுத்திவிடுகிறோம்.

பார்சல் வரும்போது கொடுத்த தொகை 693 ரூபாய். எப்படி?

பில்லைத் திறந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். பொருளின் விலை 599. டெலிவரி கட்டணம் 40. பிளாட்ஃபார்ம் கட்டணம் 10. பொருள் வந்தபின் பணம் கொடுப்பதற்கு 20. 'பாதுகாப்பான பேக்கிங்' என்று 19. கூடவே 'நன்கொடை' 5 ரூபாய். மொத்தம் 94 ரூபாய் கூடுதல். கடையில் வாங்கியிருந்தால் 33 ரூபாய் குறைவு. பேரம் பேசியிருந்தால் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இது ஒரு கற்பனைக் கணக்குதான். ஆனால் ஒவ்வொரு வரியும் ஏதாவது ஒரு ஆப்பின் கடைசித் திரையில் நாம் பார்த்திருக்கும் வரி. ஆன்லைனில் காசை மிச்சம் பிடிக்க முடியாதா? தாராளமாக முடியும். அதற்கு கூப்பன் தேடுவதற்கு முன்னால், காசு எந்த வழியாகக் கசிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் திரை விலை, கடைசித் திரை விலை

நாம் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்போதும் முதல் திரையில் தெரியும் விலையை. பணம் கட்டுவதோ கடைசித் திரையில். இடையில் சொட்டுச் சொட்டாக விலை ஏறுகிறது. அதுவரை முகவரி கொடுத்து, நிறம் தேர்வு செய்து, ஐந்து நிமிடம் செலவழித்துவிட்டதால், "போகட்டும், 40 ரூபாய்தானே" என்று மனசு விட்டுக்கொடுத்துவிடுகிறது. இந்த மனநிலையை எதிர்பார்த்தேதான் பல ஆப்கள் வடிவமைக்கப்படுகின்றன.

இப்படி வாடிக்கையாளரை ஏமாற்றும் வடிவமைப்புகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இதற்கென வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மொத்தம் 13 வகை டார்க் பேட்டர்ன்களை அது பட்டியலிட்டுத் தடை செய்கிறது. நாம் அடிக்கடி சந்திப்பவை இவை:

கூடைக்குள் திணிப்பது: நாம் கேட்காத காப்பீடு, நன்கொடை, கூடுதல் சேவை ஆகியவற்றைத் தானாகவே பில்லில் சேர்த்துவிடுவது.

சொட்டு விலை: முழு விலையை முதலில் சொல்லாமல், கடைசியில் கட்டணங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவது.

பொய் அவசரம்: "2 மட்டுமே பாக்கி", "இன்னும் 10 நிமிடம்தான்" என்று இல்லாத நெருக்கடியை உருவாக்குவது.

கூச்சப்பட வைப்பது: "வேண்டாம், எனக்குப் பாதுகாப்பு முக்கியமில்லை" என்ற பட்டனை அழுத்தினால்தான் காப்பீட்டைத் தவிர்க்க முடியும் என்பதுபோல் வார்த்தைகளை அமைப்பது.

சந்தா பொறி: சேர்வதற்கு ஒரே தட்டு, விலகுவதற்கு ஏழு திரை.

இதற்கு முன்பே, 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. வாடிக்கையாளரின் சம்மதத்தை அவரே டிக் செய்து தர வேண்டும். நிறுவனம் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக் கூடாது. அதனால் அந்த 5 ரூபாய் நன்கொடையும் 19 ரூபாய் பேக்கிங்கும் நீங்கள் கேட்காமல் தானாகச் சேர்ந்திருந்தால், அது விதிமீறல். "சின்னத் தொகைதானே" என்று விட வேண்டியதில்லை.

2025 ஜூனில், எல்லா மின்வணிகத் தளங்களும் மூன்று மாதத்துக்குள் தங்கள் ஆப்களைத் தாங்களே தணிக்கை செய்ய வேண்டும் என்று ஆணையம் அறிவுறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் 26 முன்னணித் தளங்கள், தங்களிடம் டார்க் பேட்டர்ன் இல்லை என்று சுய உறுதிமொழி கொடுத்தன. பொருள் வந்தபின் பணம் கொடுப்பவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்குவது பற்றியும் விசாரிப்பதாக மத்திய நுகர்வோர் விவகார அமைச்சர் பிரகலாத் ஜோஷி 2025 அக்டோபரில் அறிவித்தார். சட்டம் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் பட்டனை அழுத்தும் விரல் நம்முடையது.

என்ன செய்யலாம்? மூன்று பழக்கம் போதும். ஒன்று, பொருளைத் தேடும் முன்பே 606601 என்று உங்கள் பின்கோடைப் போட்டுவிடுங்கள். ஊருக்கு ஊர் விற்பனையாளரும் டெலிவரி கட்டணமும் மாறலாம். இரண்டு, இரண்டு ஆப்களை ஒப்பிடும்போது முதல் திரையை விட்டுவிட்டுக் கடைசித் திரையை மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று, 'பே' பட்டனுக்கு முன் பில்லின் ஒவ்வொரு வரியையும் வாசித்து, கேட்காததை நீக்குங்கள். அரை நிமிட வேலைதான்.

'70 சதவீதம் தள்ளுபடி' யாருடைய கணக்கு?

கோடு போட்ட 1,999 ரூபாய். பக்கத்தில் பச்சை நிறத்தில் 599. பார்த்தவுடன் 1,400 ரூபாய் லாபம் போலத் தெரியும். உண்மையில் அந்த 1,999 என்பது எம்ஆர்பி, அதாவது வரிகள் உட்பட அதிகபட்சமாக விற்கக்கூடிய விலை. அந்த விலைக்கு யாராவது அதை வாங்கினார்களா என்பது வேறு கேள்வி. எம்ஆர்பியை உற்பத்தியாளரே அச்சிடுகிறார். அதை உயர்த்தி அச்சிட்டால் தள்ளுபடி சதவீதமும் தானாக உயர்ந்துவிடும்.

அதனால் தள்ளுபடி சதவீதத்தை மறந்துவிடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "போன மாதம் இது எவ்வளவு?" ஒரு பொருளின் பழைய விலைகளை வரைபடமாகக் காட்டும் தளங்களும் பிரவுசர் நீட்டிப்புகளும் இருக்கின்றன. அவையும் வேண்டாம் என்றால், வாங்க நினைக்கும் பொருளை விருப்பப் பட்டியலில் போட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விழாக்கால விற்பனை வரும்போது அந்தப் படமே சாட்சி. 'மெகா ஆஃபர்' விலையும் மூன்று வாரத்துக்கு முந்தைய விலையும் ஒன்றாக இருந்தால் சிரித்துவிட்டு மூடிவிடலாம்.

விலை ஏறும் என்ற பயம்தான் அவசரமாக வாங்க வைக்கிறது. அவசரத் தேவை இல்லாத எந்தப் பொருளையும் கார்ட்டில் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் பாதிப் பொருட்கள் தேவையில்லை என்று தோன்றும்.

இலவச டெலிவரியும் இதே ரகம்தான். "இன்னும் 150 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்றதும், 40 ரூபாயை மிச்சம் பிடிக்க 150 ரூபாய்க்கு எதையாவது தேடுகிறோம். அந்த எதையாவது ஏற்கெனவே மாதப் பட்டியலில் இருந்தால் லாபம். இல்லாவிட்டால் 110 ரூபாய் நஷ்டம்.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவா?

"பெருசா வாங்கினா விலை குறையும்" என்பது வீட்டில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். மளிகைக் கடைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆன்லைனில் அப்படியே நம்ப முடியாது.

ஒரு உதாரணம். 340 மில்லி ஷாம்பு 210 ரூபாய். 650 மில்லி பாட்டில் 429 ரூபாய். முதலாவது மில்லிக்குச் சுமார் 62 பைசா. இரண்டாவது 66 பைசா. 'ஃபேமிலி பேக்' என்று எழுதியிருந்தாலும் சின்ன பாட்டில்தான் மலிவு. அதேபோல் துவரம்பருப்பு அரை கிலோ 82, ஒரு கிலோ 172 என்றிருந்தால், இரண்டு அரை கிலோ பாக்கெட் வாங்குவதில் 8 ரூபாய் மிச்சம்.

பாக்கெட்டில் அடைத்த பொருட்களில் ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ விலை என்ன என்பதை அச்சிட வேண்டும் என்று எடையளவு விதிகள் சொல்கின்றன. எம்ஆர்பிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டு பாக்கெட்டை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். ஆப்பில் அது தெரியவில்லை என்றால் கால்குலேட்டரைத் திறங்கள்.

'நோ காஸ்ட் இஎம்ஐ'யில் காஸ்ட் எங்கே?

முதல் சம்பளம் வாங்கிய கையோடு புது போன் வாங்குபவர்களை அதிகம் ஈர்ப்பது இந்தச் சொல்தான். 18,000 ரூபாய் போன், மாதம் 3,000 வீதம் 6 மாதம். கூட்டினால் 18,000. வட்டியே இல்லை!

ஆனால் வங்கி சும்மா கடன் கொடுப்பதில்லை. ஆண்டுக்கு 16 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், இந்த 6 மாதக் கடனுக்கு வட்டி சுமார் 811 ரூபாய் ஆகும். அந்தத் தொகையை விற்பவர் தள்ளுபடியாக முன்பே கழித்துவிடுவார். எனவே வட்டி உங்கள் கையிலிருந்து போவதில்லை. ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். அது சுமார் 146 ரூபாய். வங்கி 199 ரூபாய் செயலாக்கக் கட்டணம் வாங்கினால், அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து சுமார் 235 ரூபாய். ஆக, 'காஸ்ட் இல்லாத' கடனுக்கு ஏறக்குறைய 380 ரூபாய் செலவு.

இதில் இன்னொரு மறைமுகச் செலவும் இருக்கிறது. முழுப் பணம் கட்டினால் கிடைக்கும் வங்கித் தள்ளுபடி, சில நேரம் இஎம்ஐக்குக் கிடைக்காது. அந்தத் தள்ளுபடி 1,000 ரூபாய் என்றால், உங்கள் கடனின் உண்மையான விலை 1,380 ரூபாய்.

ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே இதைச் சுட்டிக்காட்டியது. 'பூஜ்ஜிய வட்டி' என்று ஒன்று இல்லை. வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்பதுதான் அது வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையின் சாரம். இஎம்ஐ தவறில்லை. லேப்டாப் இல்லாமல் வேலையே ஓடாது என்றால் 380 ரூபாய் நியாயமான செலவுதான். அது இலவசம் என்று நினைத்து வாங்குவதில்தான் சிக்கல். ஒரு தவணை தவறினால் அபராதமும் வட்டியும் சேர்ந்து, கிரெடிட் ஸ்கோரும் அடிவாங்கும்.

வங்கி ஆஃபர்களிலும் சின்ன எழுத்தை வாசியுங்கள். "10 சதவீதத் தள்ளுபடி, அதிகபட்சம் 1,500 ரூபாய்" என்றால், 24,000 ரூபாய் பொருளுக்குக் கிடைப்பது 2,400 அல்ல, 1,500 மட்டுமே. அதாவது 6.25 சதவீதம். உடனே கழியும் தள்ளுபடி, 90 நாள் கழித்து வரும் கேஷ்பேக், அடுத்த முறை மட்டுமே பயன்படும் காயின் மூன்றும் ஒன்றல்ல. கையில் வரும் காசை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஜிஎஸ்டி குறைப்பு: எது குறைந்தது, எது குறையவில்லை?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 சதவீதம் என்று சுருங்கின. அதன்பிறகு "ஜிஎஸ்டி ஆஃபர்" என்ற பெயரில் எல்லாப் பொருளுக்கும் விளம்பரம் வருகிறது. எதற்கு உண்மையிலேயே வரி குறைந்தது என்று தெரிந்தால் ஏமாற வேண்டியதில்லை.

சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட், தலை எண்ணெய் ஆகியவற்றுக்கு 18-லிருந்து 5 சதவீதம் ஆனது. முன்பு 200 ரூபாய்க்கு விற்ற ஷாம்பு, வரிக் குறைப்பு முழுதாக வந்தால் சுமார் 178 ரூபாய் ஆக வேண்டும். ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி ஆகியவை 28-லிருந்து 18 சதவீதத்துக்கு வந்தன. 32,000 ரூபாய் டிவி 29,500 ஆகும். ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைகளுக்கு 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம்.

மொபைல் போனுக்கும் லேப்டாப்புக்கும் மாற்றமே இல்லை. பழைய 18 சதவீதம்தான். எனவே போனுக்கு 'ஜிஎஸ்டி குறைப்பு ஆஃபர்' என்று யாராவது சொன்னால், அது வேறு ஏதோ தள்ளுபடிக்கு ஒட்டிய புதுப் பெயர்.

மலிவு வேறு, மட்டம் வேறு

599 ரூபாய் ஃபிளாஸ்க்குக்கே திரும்புவோம். அதில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா? பிரஷர் குக்கர், ஹெல்மெட், வெப்பம் காக்கும் ஃபிளாஸ்க், பல மின்சாதனங்கள் ஆகியவற்றுக்கு இந்த முத்திரை கட்டாயம். இல்லாமல் விற்பதே குற்றம்.

2025 மார்ச்சில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சென்னைக் கிளை அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அமேசான் கிடங்கில் சோதனை நடத்தி, உரிய முத்திரை இல்லாத 3,000-க்கும் மேற்பட்ட பொருட்களைப் பறிமுதல் செய்தனர். அந்த மாவட்டத்தில் ஃபிளிப்கார்ட் தொடர்புடைய கிடங்கிலும் சோதனை நடந்தது. அதற்கு முன், 2022 ஆகஸ்டில், தரமற்ற பிரஷர் குக்கர்களை விற்க அனுமதித்ததாக இவ்விரு நிறுவனங்களுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசானில் மட்டும் அப்படி 2,265 குக்கர்கள் விற்றிருந்தன என்று ஆணையம் சொன்னது.

பெரிய தளத்தில் இருப்பதாலேயே பொருள் தரமானது என்று அர்த்தம் இல்லை. 'பிஐஎஸ் கேர்' என்ற அரசு ஆப்பில் பொருளின் மேல் உள்ள உரிம எண்ணைப் போட்டால், அது உண்மையானதா என்று தெரிந்துவிடும். குக்கர் வெடித்தபின் 300 ரூபாய் மிச்சம் என்று சொல்ல முடியாது.

பட்டுப் புடவைக்கும் இது பொருந்தும். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. 'ஆரணிப் பட்டு, வெறும் 999' என்ற விளம்பரங்கள் போனில் வராத நாளில்லை. அசல் பட்டு நூலின் விலை தெரிந்தவர்கள் அதைப் பார்த்து நகர்ந்துவிடுவார்கள். மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் வழங்கப்படும் 'சில்க் மார்க்' முத்திரை, தூய பட்டுக்கு மட்டுமே கிடைக்கும். ஆன்லைனில் வாங்கினால் அந்த முத்திரை உண்டா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அல்லது கோ-ஆப்டெக்ஸ் போன்ற அரசு சார்ந்த நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள். ஊரிலேயே இருப்பவர்களுக்கு ஆரணி ஒன்றும் தூரமில்லை. பஸ் ஏறிப் போய்க் கையால் தொட்டுப் பார்த்து வாங்கிவிடலாம்.

கோயில் பெயரில் கடை

கோயில் நகரத்துக்கே உரிய ஒரு ஆபத்தும் இருக்கிறது. 2024 ஜனவரியில், அயோத்தி ராமர் கோயில் குடமுழுக்குக்கு முன்பாகவே 'ராமர் கோயில் பிரசாதம்' என்ற பெயரில் இனிப்புகள் அமேசானில் விற்கப்பட்டன. தவறான தகவல் கொடுத்து வாடிக்கையாளரைத் திசைதிருப்புவதாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்தப் பட்டியல்கள் நீக்கப்பட்டன.

அண்ணாமலையார் பெயரிலும் திருநீறு, ருத்ராட்சம், தீப மை என்று யார் வேண்டுமானாலும் விற்கலாம். அது கோயிலிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி. கார்த்திகை தீப நாளில் மகா தீபம் பார்க்க 'விஐபி பாஸ்', கிரிவலப் பாதையில் 'கடைசி ரூம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்குகளும் அப்படித்தான். இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களின் இணைய முகவரி 'டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்' என்றே முடியும். வேறு முகவரி என்றால் பணம் கட்ட வேண்டாம். ரூம் முன்பதிவுக்கு முன்பணம் அனுப்பும் முன், விடுதியின் எண்ணை வேறொரு வழியில் கண்டுபிடித்துப் பேசிவிடுங்கள்.

வீட்டில் தனியாக இருக்கும் அப்பா, அம்மா

ஆன்லைன் ஷாப்பிங்கில் பெரிய நஷ்டம் பல நேரம் வாங்குபவருக்கு வருவதில்லை. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு வருகிறது.

"அம்மா, உங்க பையன் பேர்ல பார்சல் வந்திருக்கு, 499 ரூபா குடுங்க" என்று ஒருவர் வாசலில் நிற்கிறார். மகன் பெங்களூருவில் மீட்டிங்கில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. பிள்ளை ஏதோ ஆர்டர் போட்டிருப்பான் என்று அம்மா பணம் கொடுத்துவிடுகிறார். பிரித்துப் பார்த்தால் கந்தல் துணி. இதற்கு மருந்து சுலபம்: வீட்டுக்கு அனுப்பும் எல்லாவற்றுக்கும் முன்பே பணம் கட்டிவிடுவது, "நான் சொல்லாம எந்தப் பார்சலுக்கும் காசு குடுக்காதீங்க" என்று சொல்லி வைப்பது.

அடுத்தது, "முகவரி சரியில்லை, 5 ரூபாய் கட்டினால் பார்சல் வரும்" என்று தபால் துறை பெயரில் வரும் எஸ்எம்எஸ். அந்த 5 ரூபாய் பெரிதல்ல. லிங்க்கில் கொடுக்கும் கார்டு விவரம்தான் குறி. மூன்றாவது, கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடுவது. தேடலில் முதலில் வரும் எண் மோசடிக்காரருடையதாக இருக்கலாம். ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். ஒன்றை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்: பணம் நமக்கு வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு தூரம் அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

சத்தமில்லாமல் கழியும் சந்தா

"முதல் மாதம் 1 ரூபாய்" என்று சேர்ந்த உறுப்பினர் திட்டம் நினைவிருக்கிறதா? உங்கள் யுபிஐ ஆப்பில் 'ஆட்டோ பே' பகுதியைத் திறந்து பாருங்கள். மறந்துபோன இரண்டு மூன்று சந்தாக்கள் அங்கே உயிரோடு இருக்கலாம். தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தச் செய்தியைத் தள்ளிவிடாமல் வாசித்தாலே போதும், அங்கிருந்தே ரத்து செய்துவிடலாம். மாதம் 149 ரூபாய் சந்தா ஒன்றை நிறுத்தினால் ஆண்டுக்கு 1,788 ரூபாய் மிச்சம். எந்தக் கூப்பனும் இவ்வளவு தராது.

பொருள் சரியில்லை, என்ன செய்வது?

"இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மனசு மாறியதற்காகத் திருப்பிக் கொடுப்பதை வேண்டுமானால் விற்பவர் மறுக்கலாம். பொருள் பழுதானது, போலியானது, விளம்பரத்தில் சொன்னதுபோல் இல்லை, அல்லது சொன்ன தேதியைத் தாண்டி வந்தது என்றால் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020 விதிகள் சொல்கின்றன.

விலையுயர்ந்த பொருள் என்றால் பார்சலின் எல்லாப் பக்கமும் தெரியும்படி, பிரிக்கும் முன்பிருந்தே வீடியோ எடுங்கள். பில்லையும் விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேமியுங்கள். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை அவர் உறுதிசெய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

நடக்கவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். வழக்குக்குப் போகும் முன்பே பேசித் தீர்க்கும் வழி இது. அதிலும் முடியவில்லை என்றால் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் பெங்களூருவிலோ குருகிராமிலோ இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு சட்டம் வழிசெய்துள்ளது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும்.

அப்படியானால் எதை எங்கே வாங்குவது?

புத்தகம், போன், ஊரில் கிடைக்காத உதிரி பாகம், மாடல் எண்ணை வைத்து ஒப்பிடக்கூடிய மின்சாதனம் ஆகியவற்றில் ஆன்லைன் பெரும்பாலும் மலிவு. அளவு பார்க்க வேண்டிய செருப்பு, தொட்டுப் பார்க்க வேண்டிய துணி, அடிக்கடி பழுதாகும் மிக்ஸி, கிரைண்டர் ஆகியவற்றில் தேரடி வீதிக் கடைக்கு ஒரு பலம் இருக்கிறது. மாவு பாதியில் நிற்கும்போது மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனால், "வைங்க, சாயங்காலம் வாங்க" என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இருக்கிறார். அந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. அதையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். ஆன்லைன் விலையைக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசித் திரை விலையைக் காட்டினால், பல நேரம் அவர் இறங்கி வருவார்.

அடுத்த முறை 'பே' பட்டனுக்கு மேல் விரல் நிற்கும்போது நான்கே கேள்வி: இது எனக்கு இப்போது தேவையா? கடைசித் திரை விலை எவ்வளவு? போன மாதம் எவ்வளவு? சரியில்லை என்றால் யாரிடம் திருப்பிக் கொடுப்பேன்? நான்குக்கும் பதில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

இல்லையென்றால் பழைய ஃபிளாஸ்க்கையே கழுவி எடுத்துக்கொண்டு கிரிவலம் கிளம்பலாம். 693 ரூபாயும் முழுசாக மிச்சம்.